சாதாரணத் தேர்ச்சி உள்ளவர்

மார்ச் 4

அண்ணனுக்கு,

உங்கள் வாக்குமூலம் நேற்று எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. நூற்றுப் பத்துப் பக்கக் கட்டில் எண்பத்தாறாவது பக்கம். வக்கீல் தேநீர் சொல்லிவிட்டு வருவதற்குள் நான் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பா வெளியூர் வேலைக்குப் போன மாதங்களில் என் மதிப்பெண் அட்டையில் விழுந்த அதே கையெழுத்து. அன்றைக்கு நான் தேறியதற்குப் போட்டீர்கள். இன்றைக்கு நான் தேறக் கூடாது என்பதற்குப் போட்டிருக்கிறீர்கள்.

"மேற்படி கருவி இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே. இதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஏதுமில்லை." இது உங்கள் வாசகமா, உங்கள் கம்பெனி வக்கீலின் வாசகமா? ‘மேற்படி’ என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். சோப்புத்தூள் பாக்கெட் போடும் இயந்திரத்துக்கு மேலே கூம்பு மாதிரி ஒரு தொட்டி. ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் தூள் தொட்டியின் வாய்க்கு மேலே பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழே ஒன்றும் விழாது. பாக்கெட்டுகள் காலியாக ஓடும். உடனே ஒருவர் மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறித் தொட்டியின் வயிற்றில் நாலு போடு போட வேண்டும். இந்த ஆலையில் அந்த ஒருவராகப் பத்தொன்பது வருஷம் இருந்தது நீங்கள். தட்டித் தட்டித் தொட்டி சொட்டை விழுந்து, சொட்டையில் தூள் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டு, அதற்காக இன்னும் பலமாகத் தட்டியதும் நீங்கள்தான்.

நீங்கள் பெரிய கம்பெனிக்குப் போன பிறகு அந்தத் தொட்டிக்குள் நான் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டேன். மேல்முனையில் ஒரு சுருள்வில். மோட்டார் கிடையாது. தூள் இறங்கும்போது சங்கிலியை இழுக்கும், வில் திருப்பி இழுக்கும். பாலம் கட்டவே முடியாது. இதற்குத்தான் காப்புரிமை கேட்டிருக்கிறோம், தரக் கூடாது என்று உங்கள் கம்பெனி எதிர்க்கிறது. கிடைத்தால் இந்தக் கருவியைச் செய்து விற்க முதலாளியம்மா தனிப் பட்டறை போடுவார். ஆறு பேருக்கு வேலை, பொறுப்பு என்னுடையது. கிடைக்காவிட்டால் உங்கள் கம்பெனி தன் நாற்பது இயந்திரங்களிலும் சங்கிலியைத் தானே செய்து மாட்டிக்கொள்ளும். பட்டறை என்ற பேச்சே எழாது.

நீங்கள் போன் செய்கிறீர்கள் என்று அம்மா சொல்கிறாள். நான் எடுக்க மாட்டேன். பேசினால் சண்டைதான் வரும். பதில் இருந்தால் எழுதுங்கள்.

தங்கை

*

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் 8ஆம் தேதி மாலை கிடைத்தது. ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றும் ‘டேய்’ என்றும் கூப்பிட்டவள். கோபத்தின் அளவு புரிகிறது.

உன்னோடு பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று குறிப்பாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜனவரியில் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல குளிர்சாதன அறை, நான் எண்ணெய்க் கறையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் மேஜைமேல் மூன்று படங்களை வரிசையாக வைத்தார். முதலாவது ஒரு பழைய தானியக் கிடங்கு. கூரையிலிருந்து சங்கிலி தொங்குகிறது, தானியம் அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் அதைப் பிடித்து ஆட்டுவார். இரண்டாவது நிலக்கரி இறங்கும் ஒரு சரிவு. அதில் ஒரு தகட்டைச் சுருள்வில்லில் மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது உன் தொட்டி. "இதையும் இதையும் சேத்தா இது வருமா வராதா?" என்று கேட்டார். பார்த்தேன். வரும் போலத்தான் இருந்தது. "வரும்" என்றேன். இரண்டு நாள் கழித்துத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள், போட்டேன்.

படத்தில் பெயர் ஏதும் இல்லை. உன்னுடையது என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. படத்தைப் பார்த்தால் உண்மையிலேயே எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு சங்கிலி, ஒரு வில். எளிமையாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அரசாங்கம் முத்திரை குத்தி, இருபது வருஷத்துக்கு மற்றவர்கள் தொடக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்? ஒருவகையில் பார்த்தால் நான் சொன்னதில் தவறில்லை. சொன்ன இடம்தான் தவறு.

அண்ணிக்கு விஷயம் தெரியும். இரண்டு நாளாகச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அம்மாவின் முட்டிவலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா என்று எழுது.

அண்ணன்

*

மார்ச் 19

அண்ணனுக்கு,

மருந்து கிடைத்தது. அம்மா, "ரெண்டு பேரும் ஒரு சோப்புத் தொட்டிக்கு இந்த அடி அடிச்சுக்கிறீங்க, சொத்து பத்து இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்" என்கிறாள்.

இந்தக் கடிதத்தை எங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு வசைகளை எடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்துவிட்டேன்.

எளிதாக இருக்கிறது என்கிறாய். சரி, இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். தொட்டியில் எவ்வளவு தூள் இருக்கிறது என்று பார்க்க மேல்மூடி வழியாக ஒரு அளவுச் சங்கிலியை இறக்குவோமே, அதை ஒருநாள் வெளியே எடுக்க மறந்துவிட்டேன். முனையை மூடியின் கொண்டியிலேயே மாட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். வெளியே விடாத மழை, சுவரெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தது. அன்று முழு ஷிப்டும் யாரும் சுத்தியைத் தொடவில்லை. மற்றவர்கள் பிழைத்தோமடா என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. ஏறிப் பார்த்தால் சங்கிலி உள்ளே கிடக்கிறது. தெரிந்தால் வேலை போய்விடும். யாருக்கும் தெரியாமல் இழுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் மறுபடி சுத்தி, மறுபடி ஏணி. அப்போதுதான் யோசித்தேன்.

உன் வக்கீல் சொல்வதுபோல அத்தோடு முடிந்துவிடவில்லை. கிடங்குப் படத்தில் இருப்பதுபோல மேலே கெட்டியாக ஒரு போல்ட் போட்டுச் சங்கிலியைத் தொங்கவிட்டேன். தூள் சங்கிலியைச் சுற்றியே இறுகிக்கொண்டது. முன்பைவிட மோசம். கீழ்முனையையும் கட்டிப் பார்த்தேன், தொட்டியின் வாயைத் திறந்து மூடும் ஷட்டர் சிக்கியது. கனமான சங்கிலி, மெல்லிய சங்கிலி, இரண்டு சங்கிலி, மூன்று சங்கிலி. வாராந்தர விடுமுறைகளில் முதலாளியம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்து எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த முதல் நாள் மட்டும் ஏன் வேலை செய்தது என்பது பிடிபடவே இல்லை. எட்டாவது மாதம் மூடியைத் துடைக்கும்போது கொண்டி கையை விட்டு விசுக்கென்று துள்ளியது. அந்தக் கொண்டிக்குள் ஒரு சின்னச் சுருள்வில் இருக்கிறது அண்ணா. அன்றைக்குச் சங்கிலி தொங்கியது அதில்.

இதெல்லாம் படத்தில் தெரியாது. படத்தில் விடை மட்டும்தான் இருக்கும்.

சட்டம் என்ன கேட்கிறது என்று எங்கள் வக்கீல் எனக்குப் பொறுமையாக விளக்கினார். விடையைப் பார்த்துவிட்டு எளிதா என்று கேட்பதில்லையாம். விடை வருவதற்கு முந்தைய நாளில் போய் நின்றுகொண்டு, தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்கு, மேதையும் அல்லாத முட்டாளும் அல்லாத ஓர் ஆளுக்கு, இது தோன்றியிருக்குமா என்று கேட்கிறதாம். அந்த ஆள் யார் என்று நான் யோசித்தேன். நீதான். இது எளிதில் தோன்றக்கூடியது என்றால் பத்தொன்பது வருஷம் உனக்கு ஏன் தோன்றவில்லை? ஒன்று, இது கண்டுபிடிப்பு. இல்லையென்றால் நீ மக்கு. நீ மக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் வாக்குமூலத்துக்குத்தான் தெரியவில்லை.

உன் ஆலையில் இத்தனை ஃபிட்டர்கள் இருக்கிறார்களே, யாரிடமாவது படத்தைக் காட்டாமல் பிரச்சினையை மட்டும் சொல்லிக் கேட்டுப் பார்.

கடைசியாக ஒன்று, வக்கீல் பார்த்துத் திருப்பித் தந்த பிறகு சேர்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்த மழை நாளுக்கு மறுநாள், உனக்கு நான் போன் செய்தேன். ஒரு கேள்வி கேட்டேன். நீ ஒரு பதில் சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா?

தங்கை

*

ஏப்ரல் 7

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் 24ஆம் தேதி கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் நீ சொன்ன சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒருவர் வீதம் கேட்டேன்.

ஆறு பேர். எல்லாரும் பத்து வருஷத்துக்கு மேல் தொட்டியோடு மல்லுக்கட்டியவர்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்டேன்: "தூள் பாலம் கட்டுது. தட்டாம எப்படி இறக்கலாம்?" முதலாமவர் உள்சுவரைக் கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டும் என்றார். அடுத்தவர் சரிவை இன்னும் செங்குத்தாக்க வேண்டும் என்றார். இரண்டு பேர் அதிர்வு மோட்டாரைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். ஒருவர் சூடான காற்று அடிக்கலாம் என்றார். கடைசி ஆள் நம் பழைய ஆலையின் ஷிப்டுக்காரர்கள் மாதிரி. "தட்டாமன்னு ஏன் கேக்கறீங்க, நல்லாத் தட்டத் தெரிஞ்ச ஆளைப் போடுங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

சங்கிலி என்று ஒருவரும் சொல்லவில்லை. வில் என்றும் சொல்லவில்லை.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாமவரிடம் கேண்டீனில் வைத்துக் கேட்டேன். அப்போது பாத்திரம் கழுவும் அம்மாள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "உள்ள எதையாவது கட்டித் தொங்கவிட வேண்டியதுதானே" என்றார், துணியைப் பிழிந்துகொண்டே. ஃபிட்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தோன்றியது எங்கள் ஏழு பேருக்கும் ஏன் தோன்றவில்லை?

இந்த அம்மாளைப் பற்றி உன் வக்கீலிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

மகள் ஜூனில் பள்ளி இறுதி ஆண்டுக்குப் போகிறாள். அடுத்த மார்ச்சில் அரசுத் தேர்வு. நாங்கள் இருப்பது கம்பெனிக் குடியிருப்பு என்பதையும் நீ மறந்துவிடக் கூடாது. நான் எதையும் காரணமாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 13

அண்ணா,

ஆறு பேர் சொன்னதை எழுதினாய், பாத்திரம் கழுவும் அம்மாள் சொன்னதை எழுதினாய், மகளின் தேர்வைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பிடிகொடுக்காமல் நழுவியிருக்கிறாய்.

அந்த அம்மாளைப் பற்றி வக்கீலிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் முகம் தொங்கிப்போனது. பிறகு சிரித்தார். சட்டம் கேட்பது தொழில் தெரிந்தவரைப் பற்றி, தெரியாதவரைப் பற்றி அல்ல என்றார். ஏன் உங்கள் ஏழு பேருக்கும் தோன்றவில்லை என்று கேட்டாயே, எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் நாளே நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்: தொட்டிக்குள்ளே ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கழன்று பாக்கெட்டுக்குள் போய்விடும். எங்கள் ஆலைச் சுவரில் சிவப்பு எழுத்தில் அது இன்னும் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் போல்ட் கிடந்து பெரிய ரகளையானதே, அதற்கு மறுநாள் ஏணி போட்டு ஏறி அதை எழுதியது நீ. அந்த அம்மாளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் அவரால் யோசிக்க முடிந்தது.

அந்தச் சுவரைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டோம். போதாது என்கிறார் வக்கீல். விதி இருந்தது என்று காட்டலாம். தொழில் தெரிந்த ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது அவர் அதை விதியைக் காட்டியே தள்ளிவிட்டார் என்று யாராவது சொன்னால்தான் கனம் வரும் என்கிறார். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் அது என் பேச்சு. நீ சொன்னால்தான் அது சாட்சி.

விசாரணை மே 29. உன் நிலவரம் எனக்குத் தெரியும். குடியிருப்பு, மகள், அண்ணி எல்லாம் தெரியும். நீ சொல்லாவிட்டால் நான் உன்மேல் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் மறந்துவிட்டது என்று மட்டும் எனக்கு எழுதாதே. அதை என்னால் தாங்க முடியாது.

தங்கை

*

ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் 17ஆம் தேதி கிடைத்தது. அதன்பின் நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் பூசி மெழுகியிருந்தேன்.

ஞாபகம் இருக்கிறது. அன்று நான் ஸ்டோரில் பேரிங் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ போனில், "அண்ணா, தொட்டிக்குள்ள ஒரு சங்கிலியத் தொங்கவிட்டா பாலம் கட்டாதுல்ல?" என்றாய். நான், "பைத்தியமா உனக்கு? செவுத்துல எழுதி வெச்சிருக்கேனே படிக்கலையா? வேலை போயிடும்" என்றேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். பேரிங் கணக்கு விட்டுப்போகிறது என்று வைத்துவிட்டேன். சங்கிலியைப் பற்றி அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவே இல்லை.

அடுத்ததை எழுதத்தான் கை வரவில்லை. ஜனவரியில் மேலாளர் அறையில் மூன்றாவது படத்தைப் பார்த்தவுடனே எனக்குத் தெரியும், அது உன்னுடையது என்று. பெயர் இல்லை என்பது உண்மை. தெரியாது என்று எழுதியது பொய். இரண்டு நாள் அவகாசமும் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஏன் போட்டேன் என்று அண்ணி கேட்டாள். வேலைக்குப் பயந்து என்றேன். அது பாதிதான். மீதி என்னவென்றால், அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பத்தொன்பது வருஷம் என் தோள்பட்டை போனது அந்தத் தொட்டியில். உன்னைவிட எட்டு வருஷம் மூத்தவன். நான் விதி எழுதியவன். நீ விதியை மீறி ஒரு சங்கிலியைக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டாய். ‘இதில் ஏதுமில்லை’ என்று படித்துப் பார்த்தபோது ஒரு நிமிஷம் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அது உன்னைத் தள்ளிவிடுகிற வாசகம் என்று தெரிந்தேதான் போட்டேன். என்னையே மக்கு என்று எழுதிக்கொடுக்கிறேன் என்பது நீ சொல்லித்தான் உறைத்தது.

இன்று காலை தபால் நிலையத்துக்குப் போய்க் காப்புரிமை அலுவலகத்துக்கு இன்னொரு வாக்குமூலம் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எழுதியதும் நான்தான், அதனால் ‘மேற்படி’ இல்லை. போனில் நீ கேட்டது, நான் சொன்னது, ஆறு பேரிடம் கேட்டது, பாத்திரம் கழுவும் அம்மாள் சொன்னது எல்லாம் இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாக்குமூலம் கொடுத்தேன் என்பதும் இருக்கிறது. ஒரு பிரதியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்.

அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

அண்ணன்

*

ஜூன் 2

அண்ணா,

விசாரணை அறையிலிருந்து உன் கம்பெனிக்காரர்கள் உன்னைப் பக்கத்து வாசல் வழியாக அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஓடிவந்து பார்ப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. பேச முடியாததை எழுதுகிறேன்.

அறை நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை மாதிரிதான் இருந்தது. நீள மேஜை, நொண்டி நொண்டிச் சுற்றும் மின்விசிறி. நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாய். அது புதுச் சட்டை. அண்ணி வாங்கித் தந்திருப்பாள்.

உன் கம்பெனி வக்கீல் உன்னைக் குடைய ஆரம்பித்தார். தங்கை என்பதால் மாற்றிச் சொல்கிறீர்களா என்றார். தங்கை என்று தெரிந்துதான் முதலில் மாற்றிச் சொன்னேன், இப்போது திருத்துகிறேன் என்றாய். விசாரணை நடத்திய அதிகாரியம்மா பேனாவை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு சங்கிலியும் ஒரு வில்லும்கூட இத்தனை வருஷம் உங்களுக்குத் தோன்றவில்லை என்றால், உங்களைத் தேர்ச்சி உள்ளவர் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

நீ சொன்னதை வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். "நான் நல்ல ஃபிட்டர் சார். என்கூட வேலை பாத்தவங்களும் நல்ல ஃபிட்டருங்கதான். எங்களுக்குத் தோணல. அவளுக்குத் தோணுச்சு. என்கிட்ட வந்து கேட்டா, நான்தான் கூடாதுன்னேன்."

அதிகாரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார். படம் இல்லாமல் இந்தப் பிரச்சினையை உங்களிடம் தந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "சுத்தியத்தான் எடுத்திருப்பேன்" என்றாய். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. உன்னைப் பார்த்து ஊரே சிரிக்க, நான் ஜெயிக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. மூன்று வருஷமாக நீ இப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். சொன்னபோது அது எனக்கு வேண்டாம் போல இருந்தது.

உன் வேலை என்ன ஆயிற்று?

தங்கை

*

ஜூன் 11

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் 6ஆம் தேதி கிடைத்தது. மூத்த ஃபிட்டர் பதவி போய்விட்டது. ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். திருகாணி எடுத்துக்கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை. மேலாளர் சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்று மட்டும் சொன்னார். குடியிருப்பை மகள் தேர்வு முடியும்வரை காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சிரித்ததற்காக நீ வருத்தப்படாதே. நானும் சிரித்தேன், நீ பின்னால் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். சாதாரண ஆள் என்று வெளியே சொன்ன பிறகு உடம்பு இலேசாக இருக்கிறது. இத்தனை வயதுக்கு மேல் அதைச் சொல்ல ஒரு அரசாங்க அலுவலகம் வேண்டியிருந்தது.

அண்ணி இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அண்ணன்

*

செப்டம்பர் 15

அண்ணா,

உத்தரவு வந்துவிட்டது. முழுதாகக் கிடைக்கவில்லை. சங்கிலி மட்டும் என்றால் பழைய கிடங்கில் இருக்கிறது, அதற்கு உரிமை இல்லை என்றுவிட்டார்கள். நுண்தூளுக்கு, சுருள்வில்லில் தொங்கி, தூளின் எடையாலேயே ஏறி இறங்கும் சங்கிலி என்ற அளவில் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு இல்லை. எட்டு மாதம் நான் தேடியது அந்த வில்லைத்தான். அதற்குத்தான் கிடைத்திருக்கிறது.

உத்தரவில் பதினான்காம் பத்தி உன்னைப் பற்றியது. "சாட்சி தம்மைச் சாதாரணத் தேர்ச்சி உள்ளவர் என்று கூறியதை இந்த அலுவலகம் ஏற்கிறது." அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம்புள்ளய சாதாரணம்னு எழுத இவங்க யாரு" என்று அவளுக்கு மகா கோபம். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. விட்டுவிட்டேன்.

பட்டறைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. வேலைக்கு எடுக்க வேண்டிய ஆறு பேரில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். உன்னை வா என்று கூப்பிடலாமா என்று முதலாளியம்மா கேட்டார். கூப்பிட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தங்கைக்காகச் சாட்சி சொன்னதற்குக் கூலியாக வேலை வாங்கினான் என்று ஒருவர் வாயிலும் வரக் கூடாது. நீயாக வர நினைத்தால் அது வேறு விஷயம்.

தங்கை

*

டிசம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ எழுதத் தெரியவில்லை. இப்போதைக்கு மாட்டேன். மகள் தேர்வு முடியட்டும். அதன்பிறகும் நீ எனக்கு மேலதிகாரி என்பதைப் பழகிக்கொள்ள எனக்கு ஆறு மாதமாவது வேண்டும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மேல்முறையீடு வேண்டாம் என்று முடிவு செய்து, கம்பெனி உன் முதலாளியம்மாவிடமே கருவியை விலைக்கு வாங்க முறைப்படி ஒப்பந்தம் போட்டுவிட்டது. போன திங்கட்கிழமை முதல் பெட்டி வந்தது. உங்கள் பட்டறை முத்திரையோடு நாற்பது சங்கிலி, நாற்பது வில். ஸ்டோரில் இருந்ததால் பிரித்து எண்ணி வாங்கியதும் நான்தான். மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிவிட்டு மேலாளர் என்னிடமே வந்தார். முகத்தைப் பார்க்காமல், "தொட்டி பத்தி உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் தொட்டியில் மாட்டி முடித்துக் கீழே வந்து நின்றேன். வெளியே மழை. பாக்கெட்டுகள் நிரம்பி நிரம்பிப் போய்க்கொண்டே இருந்தன. ஆறு ஃபிட்டர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சூடான காற்று அடிக்கச் சொன்னவர் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "அட, ஒரு சங்கிலிதானே. இது யாருக்கும் தோணியிருக்குமே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கையெழுத்தே போட்டுக் குடுத்தேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். மழை நாள், மறந்துபோன சங்கிலி, எட்டு மாதம், கொண்டி, போனில் நான் சொன்னது எல்லாம். நடுவில் ஒருவர் யாரந்த ஃபிட்டர் என்று கேட்டார். என் தங்கை என்றேன். மிச்சம் முப்பத்தொன்பது தொட்டிகளுக்கும் நாளையிலிருந்து மாட்ட வேண்டும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அண்ணன்